வில் போயிற்று, உளி இருக்கிறது

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணம். தும்கூர் சாலையில் போனால், அதில் பாதி தூரம்கூட இல்லை, நெலமங்கலா. மரவேலை இயந்திரங்கள் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருநூறு வருஷச் சரித்திரம் கிடக்கிறது.

சன்னபட்டணம் மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்குள்ள கடைசல் பட்டறைகளில் முன்பு வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றுவார்கள். பிறகு மின்சார மோட்டார் வந்தது. வில் போயிற்று, உளி போகவில்லை. சுழலும் வெட்பாலைக் கட்டையின் மேல் தொழிலாளி அரக்குக் குச்சியை அழுத்துகிறார். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. தாழை ஓலையால் தேய்த்ததும் பளபளப்பு ஏறுகிறது. எவ்வளவு அழுத்துவது, எப்போது எடுப்பது என்பதெல்லாம் இன்னமும் கையின் பொறுப்பில்தான்.

அந்தக் கையே வேண்டாம் என்று யோசித்தவர் இங்கிலாந்தின் சாமுவேல் பெந்தம். தத்துவவாதி ஜெரமி பெந்தமின் தம்பி. பலவகை மரவேலை இயந்திரங்களுக்கு 1793-இல் காப்புரிமை பெற்றார். அண்ணன் கட்ட நினைத்த சிறையில், தொழில் தெரியாத கைதிகளை வைத்து அவற்றை ஓட்டுவதாகத் திட்டம். சிறை எழும்பவில்லை, யோசனை பிழைத்துக்கொண்டது. பின்னர் சாமுவேல் கடற்படையில் அதிகாரியாக இருந்தபோது, போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் புதிய இயந்திரங்கள் வந்தன. வடிவமைத்தவர் மார்க் இசம்பார்ட் புரூனல். செய்துகொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லி. பாய்மரக் கப்பல்களுக்கு வேண்டிய மரக் கப்பிகளை அவை செய்து தள்ளின. 1808-இல் ஒரு வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள். 110 தொழிலாளிகளின் வேலைக்குப் பத்துப் பேர் போதும் என்றாயிற்று. அந்தப் பத்துப் பேரும் கைதேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை.

பெங்களூருக்கு இயந்திரத் தயாரிப்பு புதிதல்ல. ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1953-இல் இங்கே தொடங்கப்பட்ட எச்.எம்.டி. நாட்டுக்கே லேத்துகளைத் தந்தது. ஆனால் அவை இரும்பைக் கடைவதற்கு. தச்சருக்கான இயந்திரம் அந்தத் திட்டத்தில் இல்லை. வெகுகாலம் கழித்துத்தான் மரவேலை இயந்திரப் பெருநிறுவனங்கள் வந்தன. 1960-இல் பிறந்த ஜெர்மனியின் ஹோமாக் பெங்களூரில் காலூன்றியது. 1969-இல் பிறந்த இத்தாலியின் பியெஸ்ஸே நெலமங்கலா வட்டாரத்தில் தொழிற்சாலையே வைத்திருக்கிறது. கணினி ஆணையிட, இந்த இயந்திரங்கள் பலகையை அறுத்து, துளையிட்டு, ஓரம் ஒட்டிவிடுகின்றன. பெரும்பாலும் அது மரப்பலகைகூட அல்ல. மரச்சிராயைப் பசையிட்டு அழுத்திய பலகை.

இந்த இரண்டு உலகத்திலும் சேராத ஒருவர் இருக்கிறார். அடுக்குமாடிக் கட்டிடங்களில் அலமாரியும் சமையலறை மேடையும் செய்யும் தச்சர். அவருடைய இயந்திரம் கையில் பிடிக்கும் சின்ன கட்டிங் மெஷின். மேஜை ரம்பம் வாங்க வசதியில்லாததால், அதையே தலைகீழாக ஒரு பலகையில் பொருத்திவிடுகிறார். சுழலும் பல்லுக்கு மறைப்பு இல்லை. பலகையைத் தள்ளும் விரலுக்கும் பல்லுக்கும் இடைவெளி சில அங்குலம்தான். கை தவறினால் விரல் போகும். விரலோடு பிழைப்பும் போகும்.

மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மைசூர் சமஸ்தானம் 1938-இல் தொடங்கிய வன ஆய்வுக்கூடம்தான் 1988-இல் இந்த உருவம் எடுத்தது. நவீன இயந்திரங்களை இயக்க இளைஞர்களுக்கு இங்கே பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பயிற்சி பெற்றவர் போவது பெரும்பாலும் தொழிற்சாலைக்கு. தினக்கூலியை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார அடுக்குமாடித் தச்சரால் முடியாது. வேலை நடக்கும் இடத்துக்கே பயிற்சி வரவேண்டும். ஒப்பந்தக்காரர் அதற்கு நேரம் தரவேண்டும்.

கப்பி இயந்திரம் செய்த மாட்ஸ்லி முதல் இன்றுவரை, பெரிய தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் முதலாளியை மனதில் வைத்தே மரவேலை இயந்திரம் செய்திருக்கிறார்கள். லேத் செய்யத் தெரிந்த ஊருக்கு, மறைப்போடு கூடிய மலிவான மேஜை ரம்பம் ஒன்றும் பெரிய வித்தையல்ல. சன்னபட்டணத்தில் மோட்டார் வந்தும் கை பிழைத்தது. பெங்களூர் தச்சருக்கு விரல்களாவது பிழைக்க வேண்டாமா?