'நம்ம ஆளா?': ஒரு தீவாந்திரக் கைதியைத் தேடியபோது

நான்கு ஆண்டுகளாக ஒரு கைதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1842-இல் மதராஸ் மாகாணத்தின் நீதிமன்றம் ஒன்று அவருக்கு ஆயுள்காலத் தீவாந்திர சிட்சை விதித்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு அவரைக் கப்பலேற்றினார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் படித்த கைதிப் பட்டியல்களில் அவர் ஒரே ஒரு வரி.

இந்தத் தேடலைப் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். என்ன குற்றம் என்று கேட்பதில்லை. திரும்பி வந்தாரா என்று கேட்பதில்லை. "நம்ம ஆளா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆவணக் கட்டுகளை எடுத்துத் தந்த ஊழியர் கேட்டார். கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் ஒரு பேராசிரியர், கொஞ்சம் நாகரிகமாக, "எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்றார். யார் மூலமோ கேள்விப்பட்டு, ஒரு சாதிச் சங்க நிர்வாகி தொலைபேசியில் அழைத்தார். வெள்ளைக்காரன் நாடு கடத்தினான் என்றால் அவர் வீரர். நம்ம சாதி வீரர் என்றால் சிலை. சிலை என்றால் குருபூஜை. பட்டியலில் சாதிக் கட்டத்தில் இருந்ததைச் சொன்னதும், "அப்ப வெறும் திருட்டு கேஸா இருக்கும் தம்பி" என்று பேச்சை முடித்துக்கொண்டார். குற்றம் என்னவென்று நான் அதுவரை சொல்லவே இல்லை.

குடும்ப வரலாற்றைத் தேடுவது குற்றமற்ற பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் வம்சாவளி யாரிடம் இருந்தது? மிராசு உரிமை கேட்டு வழக்காடியவர்களிடம் இருந்தது. நிலத்துக்கு அதுவே சாட்சி. பாளையக்காரர்களிடம் இருந்தது; காலின் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று அவர்களின் வம்சாவளிகளைத் திரட்டினார்கள். சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நிலமும் பட்டமும் வைத்திருந்தவர்களுக்குத் தாத்தாக்கள் இருந்தார்கள். அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு?

என் கைதி வாழ்ந்த காலத்தில் பண்ணையடிமைகளை விற்கலாம், அடமானம் வைக்கலாம். அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்று சொன்ன 5-ஆவது சட்டம் 1843-இல்தான் வந்தது. அவருக்குத் தண்டனை கிடைத்து ஓராண்டு கழித்து. அவருடைய பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் சேர்த்து எழுதிய ஒரே தாளாக எனக்குக் கிடைத்தது தண்டனைப் பட்டியல்தான். பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது, உயரம், உடல் அடையாளம், குற்றம். தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. குற்றம்: கூட்டுக் கொள்ளை. கொள்ளை போனது நெல்.

அரசு தாளோடு நிற்கவில்லை. ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தியது. 1849-இல்தான் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்ற அச்சம் இந்தத் தண்டனைக்குக் கூடுதல் வலு தருகிறது என்று 1838-இல் சிறைச் சீர்திருத்தக் குழு எடைபோட்டது. அதாவது, காலனி அரசு சாதியையும் ஒரு விலங்காகக் கணக்கில் வைத்திருந்தது. இழக்கச் சாதிப் பெருமையே இல்லாதவர்கள் எதை இழந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊரை, மனைவியை, பிள்ளைகளை இழந்தார்கள்.

சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் 1825 ஏப்ரலில் வந்து சேர்ந்தார்கள். 1873-இல் அந்தக் கைதிச் சிறை மூடப்படும் வரை சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், செங்கல் சூளை வைத்தார்கள். 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பு. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சுவர்களில் என் கைதியின் கைபட்ட செங்கல் இருக்கலாம்.

பட்டியலில் இருந்த ஊர் வட தமிழகத்தில் இன்றும் இருக்கிறது. ஊர் முடிந்து, வயல் தாண்டி இருக்கும் தெருவில் எழுபது வயதைக் கடந்த ஒரு ஆயாவைச் சந்தித்தேன். தாத்தா பெயரைத் தாங்குபவன்தான் பேரன். அந்தக் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருந்தது என் கைதியின் தகப்பனார் பெயர். குலதெய்வத்துக்குப் படைக்கும்போது ஒரு இலை கூடுதலாகப் போடுவார்களாம். யாருக்கு என்று கேட்டேன். "கப்பலுக்குப் போனவருக்கு" என்றார். எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத சான்று அது.

அவர் பெயரைக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. ஊர்ல எது காணாமப் போனாலும் போலீஸு மொதல்ல எங்க தெருவுக்குத்தான் வருது. இதுல தாத்தனே திருடன்னு நீ வேற எழுதிவெக்கணுமா?"

ஆஸ்திரேலியாவுக்கு 1788 முதல் 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகளைப் பிரிட்டன் அனுப்பியது. அவர்களின் வாரிசுகள் ஒரு காலத்தில் அதை மறைத்தார்கள். இன்று அந்தப் பதிவேடுகளைத் தேடி எடுத்துப் பெருமையோடு காட்டுகிறார்கள். 2007-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவர்களுடைய களங்கம் கழுவப்பட்டுவிட்டது. பறித்த நிலத்தில் குடியேறியவர்கள் என்ற உண்மையை அந்தப் பெருமிதம் எளிதாக விழுங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஆயாவின் தெருவில் களங்கம் தாத்தாவோடு முடியவில்லை. அது பிறப்போடு வருகிறது. அதற்குப் பெயர் சாதி.

பிரிட்டிஷ் அரசு 1871-இல் கொண்டுவந்து, 1911-க்குப் பிறகு மதராஸ் மாகாணத்திலும் ஏவிய சட்டத்தை நாம் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'பழங்குடி' என்றிருந்ததைத் தமிழ் 'பரம்பரை' ஆக்கியது. அந்தச் சொல் சட்டத்தின் உயிரைச் சரியாகப் பிடித்துவிட்டது. செய்த செயல் தேவையில்லை, பிறந்த பிறப்பே போதும். அந்தச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள்.

அந்த ரத்தத்திலிருந்து நாம் கற்றிருக்க வேண்டிய பாடம், பிறப்பை வைத்து மனிதரை அளக்காதே என்பது. தமிழ்நாட்டுச் சாதிச் சங்கங்கள் கற்றுக்கொண்டதோ, எங்கள் பிறப்பு உசத்தி என்பது. சுவரொட்டிக்குச் சுவரொட்டி 'ஆண்ட பரம்பரை'. குற்றப் பரம்பரை என்பதும் ஆண்ட பரம்பரை என்பதும் ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள். கீழ்முனையைத் திட்டிக்கொண்டே மேல்முனையில் ஏறி உட்கார நினைப்பது விடுதலை அல்ல. அளவுகோலையே முறிக்க வேண்டும்.

"அப்படியென்றால் சாதியை மறைக்கிறாயா?" என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. யாரை எதற்காகக் கப்பலேற்றினார்கள் என்ற வரலாற்றைச் சாதியைச் சொல்லாமல் எழுதவே முடியாது. என் ஆய்வேட்டில் சாதிக் கட்டம் முழுமையாக இருக்கும். ஒரு தெருவை அடையாளம் காட்டும் பெயரை மட்டும்தான் விடுகிறேன், அந்தத் தெரு கேட்டுக்கொண்டதால். மன்னர் வாரிசுகளுக்கு இருக்கும் அளவுக்காவது, தன் முன்னோரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஆயாவுக்கும் உண்டு.

தண்டனைப் பதிவேடுகளைப் பொதுமக்கள் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியமாக, பிறப்பைப் பார்த்துத் தெருவுக்குள் நுழையும் காவல்துறை ஜீப் நிற்க வேண்டும். அது நின்ற பிறகு, தாத்தாவின் பெயரை எழுதலாமா என்று ஆயாவின் பேத்தியிடம் மீண்டும் கேட்பேன்.

அதுவரை அவருக்கு வருடம் ஒரு இலை இருக்கிறது. சிலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு அவர் கிடைக்க மாட்டார்.