நிதித்துறையைப் பட்டம் ஆண்டதில்லை

பட்ஜெட் முடிந்த இரவு, தொலைக்காட்சி விவாதத்தில் அந்தப் பழைய பல்லவியை இந்த ஆண்டும் கேட்க வேண்டியிருந்தது. பொருளாதாரம் படித்தவரிடம் நிதித்துறையை ஒப்படைத்தால் நாடு தானாகத் தேறிவிடுமாம். 1991-இல் மன்மோகன் சிங் செய்து காட்டவில்லையா என்றார் ஒருவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எத்தனை ஆண்டுகளுக்கு இந்தக் கதையைச் சகித்துக்கொள்வது?

சரி, மன்மோகன் சிங்கையே எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்ற அவர் 1972 முதல் 1976 வரை மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதமாக இருந்த ஆண்டுகளும் அதில் அடக்கம். 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர். அடுத்து திட்டக் குழுவின் துணைத் தலைவர். லைசென்ஸ் ராஜ்யம் அவர் கண்ணெதிரிலேயே நடந்தது. பட்டம் அப்போதும் அவரிடம்தான் இருந்தது. தாராளமயம் ஏன் வரவில்லை?

1991-இல் வந்ததென்றால், அரசுக்கு வேறு வழியே இல்லாமல் போனதால் வந்தது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே காணாது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி வெளிநாட்டில் அடகு வைத்தது. சிறுபான்மை அரசை நடத்திய பிரதமர் நரசிம்ம ராவ் தன் நிதியமைச்சருக்கு அரணாக நின்றார். ஜூலை 24-இல் பட்ஜெட் வாசிக்கப்பட்ட அதே நாளில்தான் தொழில் உரிம முறையைப் பெருமளவு ஒழித்த கொள்கையும் வெளியானது. தொழில்துறை இருந்தது ராவின் கையில். வர்த்தகத் துறையைக் கவனித்தவர் ப. சிதம்பரம், ஒரு வழக்கறிஞர். ரூபாய் மதிப்புக் குறைப்பை ரிசர்வ் வங்கியில் இருந்து நடத்தியவர் அரியலூர்க்காரரான சி. ரங்கராஜன். இத்தனை பேரையும் அழித்துவிட்டு ஒரே ஒரு பட்டத்துக்கு மாலை போடுவது அநியாயம்.

அதே மன்மோகன் சிங் 2004 முதல் பத்தாண்டுகள் பிரதமர். வோடஃபோன் வரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அரசு, 2012-இல் முன்தேதியிட்டு வரி விதிக்கச் சட்டத்தையே திருத்தியது. கொண்டுவந்தவர் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி. முதலீட்டாளர்களை மிரள வைத்த அந்த ஏற்பாட்டை 2021-இல் வேறோர் அரசு கைவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு முனைவர் தலைமையில் இருந்தும் அதைத் தடுக்கவில்லை.

லண்டனில் பொருளாதாரம் பயின்ற நிதியமைச்சர் ஜான் மத்தாய், திட்டக் குழு அமைக்கப்பட்டதை எதிர்த்து 1950-இல் பதவி விலகினார். பட்டம் இருந்தும் அதை அவரால் தடுக்க முடியவில்லை. மாறாக, இயற்பியலும் சட்டமும் படித்த சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராக இருந்தபோதுதான் 1975-இல் பிராந்திய கிராம வங்கிகள் பிறந்தன. அடுத்த ஆண்டு உச்ச வரி 77 சதவீதத்திலிருந்து 66-க்கு இறங்கியது. அதற்கு முன்பு வேளாண் அமைச்சராக இருந்தபோது, வேளாண்மை படிக்காமலே மெக்சிகோ கோதுமை விதையை வரவழைத்தவரும் அவர்தான். விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்டார். அமைச்சரவைக்குள் எழுந்த எதிர்ப்பைச் சமாளித்தார். அமைச்சருடைய வேலை அது. பொருளாதாரம் தெரிந்த ஆலோசகர்கள் சம்பளத்துக்குக் கிடைப்பார்கள்.

ஜே.என்.யூ.வில் பொருளாதாரம் படித்த நிர்மலா சீதாராமன் 2019-இல் நிதியமைச்சரானார். படிப்புதான் மருந்தென்றால், இதே விவாதக்காரர்கள் அவருடைய பட்ஜெட்டுகளை ஏன் ஆண்டுதோறும் கிழிக்கிறார்கள்?

பேச வேண்டியதைப் பேசாமலிருக்கவே இந்தப் பட்டப் பேச்சு உதவுகிறது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் திரட்டும் பணத்தை மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு தேவை. எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் டெல்லியின் சம்மதமின்றி எதுவும் நகராது. நாடாளுமன்றமோ இதைவிட மோசம். 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான மானியக் கோரிக்கைகளை மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. நிதியமைச்சரை அன்று ஒரு கேள்விகூடக் கேட்காத அவையைப் பற்றி அந்தத் தொலைக்காட்சி அரங்கில் யாரும் வாய் திறக்கவில்லை.