வெளிச்சம் எங்கே போயிற்று?

கவிதையும் கதையும் அழகு செய்யும் நம் சங்க மலரில், ஒரு பழைய காரின் விளக்குக் கம்பியைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இயற்பியல் படிக்கிறவனிடம் கட்டுரை கேட்டால் இப்படித்தான் ஏதாவது வந்து சேரும் என்று மலராசிரியரை முன்பே எச்சரித்துவிட்டேன். அவர் கேட்கவில்லை, பழி அவரையே சாரும்.

புனே நகரத்தில் நமக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். எந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் பொங்கல் விழாவுக்கு ஆண்டுதோறும் வெல்லமும் பச்சரிசியும் அனுப்புகிறவர். பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எனவே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் 1968-ஆம் ஆண்டில் செய்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்று உண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார், துணிக் கூரை, முன்பக்கம் முழுவதும், விளக்குகளோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. பிறந்த இடம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. ஆயினும் நமக்கு இது முற்றும் அந்நியமானதன்று. டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். அந்த ஹெரால்டோ 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாயிற்று. "நம்ம ஊர் ஹெரால்டுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி" என்பார் பெரியவர். மெக்கானிக் எவரேனும் உதிரிப்பாகம் கிடைக்காது என்று கைவிரித்தால், அவர் கை நீளுவது சென்னையை நோக்கித்தான்.

2025 ஜனவரியில் ஓர் இரவு, பாராமதிப் பக்கத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரியவர் ஓட்டினார். கரும்பு அரவைக் காலம். அந்தக் காலத்தில் மேற்கு மகாராஷ்டிரத்தின் சாலைகளில் இரவில் போனவர்களுக்குத் தெரியும்: பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாமல், கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாகச் சர்க்கரை ஆலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரே லாரி வந்ததால் பெரியவர் விளக்கைத் தாழ்த்தினார். லாரி கடந்தது. அடுத்த கணம் எங்கள் முன்னே கரும்புத் தோகை. தோகைக்கு மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு உறங்கும் ஒரு பெண். அவள் மடியில் குழந்தை. பிரேக் கிறீச்சிட்டது. ஒரு முழ இடைவெளியில் நின்றோம்.

மாட்டை ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பீட் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவன் என்று பிறகு பேச்சில் தெரிந்தது. அந்தப் பெண் விழிக்கவே இல்லை. பெரியவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "எனக்குக் கண் போய்விட்டது தம்பி. இனி ராத்திரியில் ஓட்டமாட்டேன்" என்றார்.

கண் போகவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மறுநாள் அறிவுரைகள் வந்து குவிந்தன. ஒரு கடைக்காரர், "60/55 வாட் பல்பைக் கழற்றி எறியுங்கள், 100/90 வாட் போடுங்கள், பகல் போல் இருக்கும்" என்றார். இன்னொருவர் எல்.இ.டி. பல்பைக் கையில் திணித்தார். பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஒரு கம்பியைக்கூடத் தொடாதீர்கள், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு" என்று சாஸ்திரம் ஓதினார். கூட்டும் கட்சி ஒன்று, தொடாதே என்னும் கட்சி ஒன்று. இரு கட்சியாரும் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்க மறந்தனர்: இருக்கிற பல்புக்குப் போக வேண்டிய மின்சாரம் போய்ச் சேருகிறதா?

மின்தொழிலாளி ஒருவர் முன்பே சோதித்திருக்கிறார். பல்பைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் மீட்டரை வைத்தார். 12½ வோல்ட்டு காட்டிற்று. கம்பியில் குறையே இல்லை என்று தீர்ப்பளித்தார். இது குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீரின் வேகத்தை அளப்பது போன்றது. ஓட்டம் இல்லாதபோது தடையும் தெரியாது. விளக்கை எரியவிட்டு அளக்க வேண்டும். நான் அப்படி அளந்தேன். தாழ்கற்றை எரியும்போது பாட்டரியில் 12.3 வோல்ட்டு. பல்பின் இரு முனைகளுக்கிடையே 10.5. வழியிலேயே 1.8 வோல்ட்டு தொலைந்துவிட்டது.

ஐம்பத்தேழு வயதுக் கம்பிகளின் குற்றம் அது. இந்தக் கார்களின் மின்கருவிகளைச் செய்தவரை "இருளின் இளவரசன்" என்று ஆங்கிலேயர்களே கேலி செய்வதுண்டு. அந்தக் கேலி அவ்வளவு நியாயமன்று. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் முகப்பிலுள்ள ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து ஸ்டியரிங் தண்டிலுள்ள மாற்றுக் கைப்பிடிக்குப் போய், பிறகு குண்டு வடிவ இணைப்புகள் பலவற்றைத் தாண்டி, மறுபடியும் முன்னே ஓடி வந்து விளக்கை அடைகிறது. இத்தனை சுற்றுக்கும் புதுக் காரில் பெரிய நட்டமில்லை. அரை நூற்றாண்டு மழையும் புழுதியும் பட்ட பின் ஒவ்வொரு இணைப்பும் சிறிது சிறிதாக வரி வசூலிக்கிறது. என் கணக்கில் ஸ்விட்சும் கைப்பிடியும் 0.8 வோல்ட்டு, கம்பியும் இணைப்புகளும் 0.4, பல்பிலிருந்து திரும்பி வரும் எர்த் வழி 0.6.

1.8 வோல்ட்டுதானே, ஏழில் ஒரு பங்குதானே என்று எண்ணலாம். இங்கேதான் இயற்பியல் கொஞ்சம் கொடுமை செய்கிறது. இழை சூடேறி ஒளிரும் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை; ஏறத்தாழ அதன் 3.4-ஆம் அடுக்காகக் குறைகிறது. வோல்ட்டில் நூற்றுக்குப் பதினைந்து குறைந்தால் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். பெரியவருக்குக் கிடைத்தது 58 பங்கு வெளிச்சம். அதுவும் மஞ்சள் பூத்த வெளிச்சம்.

சாலையில் இதற்கு என்ன பொருள்? மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். கண்டது மூளைக்கு எட்டிக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி. அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக்கானாலும் நிற்க இன்னும் 23 மீட்டர் வேண்டும். ஆக 48. முழு வெளிச்சத்தில் 60 மீட்டரில் ஒரு வண்டி கண்ணுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் தூரத்தின் இருமடிக்குத் தலைகீழாகக் குறைவதால், 58 பங்கு வெளிச்சத்தில் அதே வண்டி 46 மீட்டரில்தான் தெரியும். 48-க்கும் 46-க்கும் நடுவேதான் அந்தப் பெண் உறங்கிக்கொண்டிருந்தாள். அன்று எங்கள் வேகம் 60-க்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான்.

இப்போது 100 வாட் கட்சியைக் கேட்போம். பெரிய பல்பு அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதே துருப்பிடித்த வழியில் அதிக ஓட்டம் போனால் நட்டமும் கூடும். தாழ்கற்றையில் 90 வாட் பல்பு போட்டால் முனையில் 9¾ வோல்ட்டுதான் மிஞ்சும் என்று கணக்கு வருகிறது. இப்போதே வழியில் 15 வாட் சூடு வீணாகிறது. அது 30 வாட்டுக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் பெரும்பங்கு விழுவது பழைய ஸ்விட்சின் பித்தளை நாக்கின்மேல், டாஷ்போர்டுக்குப் பின்னால், ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே. பழைய கார்கள் எரிந்து போகும் கதைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. டைனமோவும் இருபத்திரண்டு ஆம்பியர் அளவுதான் தரும். இரண்டு 100 வாட் பல்புகளுக்கே பதினாறு போய்விட்டால் மற்றவற்றுக்கு என்ன மிச்சம்?

எல்.இ.டி. பல்பு மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் ஒரு சிறு கம்பியிழையின் இடத்துக்கும் வடிவத்துக்கும் ஏற்ப வளைக்கப்பட்டது. வேறு வடிவுள்ள ஒளியை அதில் வைத்தால் கற்றை சிதறி எதிரே வருபவன் கண்ணைக் குத்தும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 8 மீட்டர் தொலைவில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கின்றன. எத்தனை வண்டிகள் இதை மதிக்கின்றன என்பதை நம் விடுதி வாசலில் ஒரு மாலை நின்றாலே காணலாம். நான் பார்ப்பதற்காக நீ குருடாகு என்பது என்ன நியாயம்? எதிரே சைக்கிளில் வருபவன் திரும்பக் கூசச் செய்ய அவனிடம் விளக்கே இல்லை.

நாங்கள் செய்த வேலை மிக எளியது. ரிலே என்னும் சிறு பெட்டிகள் இரண்டு வாங்கினோம். உயர்கற்றைக்கு ஒன்று, தாழ்கற்றைக்கு ஒன்று. சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரு மின்சாரத்தைத் திறக்கும் வாயிற்காவலன் அது. பாட்டரியை முதலில் கழற்றி வைத்தோம். பிறகு பாட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்றை, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30-ஆம் முனைக்குக் கொண்டுவந்தோம். 87-ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்குப் புதுக் கம்பி. இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரிய வேண்டும் அல்லவா? முன்பு விளக்குக்குப் போய்க்கொண்டிருந்த பழைய கம்பி இப்போது 86-ஆம் முனையில் வந்து ரிலேயை மட்டும் எழுப்புகிறது. 85 எர்த்துக்குப் போகிறது. ஸ்விட்சின் வழியே ஓடுவது இனி ஓர் ஆம்பியரில் ஐந்திலொரு பங்குகூட இல்லை. கவிழும் மூடியின் கீல் பக்கத்தில் கம்பி உரசாமலிருக்க ரப்பர் குழாய் மாட்டினோம். அதற்கே பாதி நாள் ஆயிற்று. பெரியவருக்கு எதுவும் நேர்கோட்டில் இருந்தால்தான் மனம் ஒப்பும்.

பலரும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் நிறுத்தியிருப்பேன், மீட்டர் இல்லாவிட்டால். போகிற வழி சரியாயிற்று; திரும்புகிற வழி? எர்த்தில் போகும் 0.6 வோல்ட்டை எந்த ரிலேயும் மீட்டுத் தராது. அதற்கு வேண்டியது உப்புத்தாளும் ஒரு புதுக் கறுப்புக் கம்பியும் மட்டுமே. தகட்டில் திருகாணி இருந்த இடத்தில் பெயின்டையும் துருவையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, விளக்கின் எர்த்தை நேரே பாட்டரியின் எதிர்முனைவரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். மறுபடி அளந்தபோது பல்பில் 12.0 வோல்ட்டு. 92 பங்கு வெளிச்சம். பல்பு அதே பழைய 60/55. செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடைசியில் ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தித் தாழ்கற்றையின் உயரத்தையும் சரி செய்தோம்.

தொடாதே என்னும் கட்சி நண்பர் வந்து பார்த்தார். அவரையும் நான் மதிக்கிறேன். ஒரு பழைய எந்திரத்தைக் கண்டபடி வெட்டி ஒட்டுகிறவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். ஆனால் நாங்கள் பழைய கம்பிக் கட்டில் ஓர் இழையையும் வெட்டவில்லை. பழைய பிளக்கு அப்படியே ரிலேயின் வாயில் பொருந்துகிறது. கண்காட்சிக்கு வேண்டுமென்றால் அரை மணியில் கழற்றி 1968-க்குத் திரும்பிவிடலாம். "காருக்குள் ஒரு பொருள் கூடிவிட்டதே" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். பொதுச் சாலையில் ஓடும் கார் ஒருவருடைய அலமாரிப் பொம்மையன்று என்று நான் சொன்னேன். வயதில் மூத்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பெரியவர் பிறகு கடிந்துகொண்டார். சொன்ன முறைக்கு வருந்துகிறேன், சொன்னதற்கு அல்ல.

பெரியவர் இப்போது இரவில் ஓட்டுகிறார். ஐம்பதுக்கு மேல் போவதில்லை. அரவைக் காலம் மறுபடியும் வரப்போகிறது. சிவப்புப் பிரதிபலிப்பு நாடா இரண்டு சுருள் வாங்கிக் காரின் பின்னால் போட்டு வைத்திருக்கிறார். கரும்பு வண்டி எதிர்ப்பட்டால் நிறுத்தி, கேட்டு, பின்கட்டையில் ஒட்டிவிடுவதாகத் திட்டம். மராத்தியில் கேட்பது என் பொறுப்பாம்.

நம் விடுதிக் கொட்டகையில் பழைய புல்லட்டுகளும் யெஸ்டிகளும் சில மங்கிய விளக்கோடு நிற்பதை அறிவேன். மீட்டர் என் அறையில் இருக்கிறது; ஞாயிறு காலையில் நானும் இருப்பேன். வருகிறவர்கள் உப்புத்தாளை மட்டும் கொண்டுவந்தால் போதும்.