கிளட்ச் போச்சுன்னா உடனே தலையாட்டாதீங்க!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு. யாரையும் திட்டலைன்னு பொய் சொல்ல மாட்டேன். திட்டத்தான் போறேன். முதல்ல என்னையே.

புனேக்கு வந்தது 2012-ல. வாகட்ல வீடு, ஹிஞ்சவடில ஆணி பிடுங்கற வேலை. தூரம் என்னமோ கொஞ்சம்தான். ஆனா சாயங்கால நெரிசல்ல கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு இடது கால் மரத்துப் போயிடும். 2023 டிசம்பர்ல ஒரு நாள் சிக்னல்ல நிக்கறேன், முதல் கியர் விழ மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு சத்தம். பொங்கலுக்குக் கார்லயே ஊருக்குப் போறதா ஏற்பாடு. "ஏங்க, குழந்தைங்களை வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கணுமா? முதல்ல வண்டியைக் காட்டிட்டு வாங்க"ன்னு தங்கமணி உத்தரவு.

பக்கத்துல இருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பையன் வந்தான், பெடலை ரெண்டு தடவை மிதிச்சான். "கிளட்ச் கயா சாப். பூரா செட் டால்னா படேகா." 14,000 ரூபாயாம். ஓட்டிப் பார்க்கலை, பானெட்டைக்கூடத் திறக்கலை. நான் என்ன பண்ணேன்? "டீக் ஹை"ன்னு தலையாட்டினேன்! கத்தரிக்காய்ல அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசற அதே ஆளுதான்.

சாமான் வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. அதனால தப்பிச்சேன். அதுக்குள்ள எதிர் வீட்டுக்காரர் ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனார். எல்லாரும் அவரை 'காகா'ன்னுதான் கூப்பிடுவாங்க. காகா பக்கத்து சீட்ல உட்கார்ந்து என்னையே ஓட்டச் சொன்னார். பத்தே நிமிஷம். கிளட்ச் பிளேட் நல்லா இருக்கு, ஸ்லேவ் சிலிண்டர்ல ஆயில் கசியுதுன்னுட்டார். அதை மாத்தி, காத்தை எடுத்து, மொத்தம் 2,100 ரூபாய். கியர் வெண்ணெயா விழுந்துச்சு.

இதை ஞாயித்துக்கிழமை நம்மாளுங்க கூடின இடத்துல சொன்னா, "வெளியூர்க்காரன்னு தெரிஞ்சா ஏமாத்தறானுங்க சார்"னு ஒரே புலம்பல். அட, காகாவும் மராட்டிக்காரர்தானே! சொந்த ஊர்ல, சுத்தத் தமிழ்ல கேட்டிருந்தாலும் நான் தலையாட்டித்தான் இருப்பேன். ஏமாறதுக்கு மொழி தெரியாம இருக்கணும்னு அவசியமில்லை. நம்ம வண்டியைப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாம இருந்தாலே போதும்.

காகா காட்டினது இவ்வளவுதான்:

1. காலி ரோட்டுல, மேடா இருந்தா இன்னும் நல்லது, நாலாவது கியர்ல 40, 50 கிலோமீட்டர்ல போங்க. ஆக்சிலேட்டரை நல்லா அழுத்துங்க. ஆர்பிஎம் முள்ளு விர்ருன்னு ஏறி, வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. கருகின வாசனையும் வந்தா சந்தேகமே வேண்டாம்.

2. சமதளத்துல வண்டியை நிறுத்தி, முன்னாடி யாரும் இல்லைன்னு பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வலது காலைப் பிரேக்ல வைங்க. மூணாவது கியர் போட்டுக் கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே அணைஞ்சா பிளேட் பிடிக்குதுன்னு அர்த்தம். அணையாம ஓடிட்டே இருந்தா வழுக்குது. ஒரு தடவை போதும், விளையாட்டா திரும்பத் திரும்பச் செய்யாதீங்க.

3. இன்ஜின் ஓடும்போது கியர் விழலை, அணைச்சா சுலபமா விழுதுன்னா, கிளட்ச் முழுசா விடுபடலை. அதுக்குப் பிளேட்தான் காரணம்னு இல்லை. கேபிள், ஆயில் கசிவு, உள்ளே புகுந்த காத்துன்னு எதுவாவும் இருக்கலாம். என் கதை இதுதான். பல வண்டிகள்ல பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அதனால கசிவை அலட்சியம் பண்ணாதீங்க.

4. பெடலை மிதிச்சா மட்டும் கீச்சுன்னு சத்தம் வந்தா, ரிலீஸ் பேரிங் மேல சந்தேகப்படுங்க.

ஆல்ட்டோ, வேகன்ஆர் மாதிரி கேபிள் வண்டியா இருந்தா இன்னொண்ணு. பெடல்ல கொஞ்சம் தளர்வு இருக்கணும். அது இல்லைன்னா நல்ல பிளேட்டே வழுக்கும். அட்ஜஸ்ட் பண்ணினாலே சில சமயம் சரியாயிடும்.

உடனே "பார்த்தியா, எல்லாம் பித்தலாட்டம், நான் மாத்தவே மாட்டேன்"னு கிளம்பாதீங்க. நண்பர் ஒருத்தர் அப்படித்தான், வழுக்கற கிளட்ச்சோட மூணு மாசம் ஓட்டினார். 2019 மே லீவுக்குக் குடும்பத்தோட ஊருக்குக் கிளம்பி, சதாராவுக்கு முன்னாடி கம்பாட்கி காட் ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு. பின்னாடி லாரி வரிசை, உள்ளே மாமியார், கைக்குழந்தை. இழுத்துட்டு வந்து பிரிச்சுப் பார்த்தா ஃப்ளைவீலும் சூட்டுல கெட்டுப் போயிருந்துச்சு. செலவு ரெண்டு மடங்கு. நிஜமாவே வழுக்கினா தள்ளிப் போடாதீங்க. கியர்பாக்ஸை இறக்கற கூலிதான் பெரிசு. அதனால பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் ஒண்ணா மாத்திடுங்க. பழைய பிளேட்ல இன்ஜின் ஆயில் பட்டிருந்தா ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்க. இல்லைன்னா புதுசும் போயிடும்.

"கம்பெனி சர்வீஸ்ல விட்டா அவங்க பார்த்துக்குவாங்க"ன்னு ஒரு கட்சி இருக்கு. அங்கேயும் நீங்க சொல்ற புகாரைத்தான் முதல்ல எழுதுவாங்க. "கிளட்ச் மாத்துங்க"ன்னா மாத்திடுவாங்க. வைத்தியத்தை நீங்க சொல்லாதீங்க, நோவை மட்டும் சொல்லுங்க. "ஏத்தத்துல ஆர்பிஎம் ஏறுது, வேகம் ஏறலை." அவ்வளவுதான். கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மதிப்பீட்டை எழுத்துல கேளுங்க, கழட்டின சாமானைக் காட்டச் சொல்லுங்க, பில் வாங்குங்க. பில் தர மறுக்கறது 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்தி வரலையா? தமிழ்லயும் பேசலாம்.

கடைசியா ஒரு குட்டு, இதுவும் எனக்கேதான். ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலயே வச்சிருக்கறது, மேட்டுல ஹேண்ட் பிரேக் போடாம ஹாஃப் கிளட்ச்ல வண்டியைத் தாங்கி நிக்கறது. இது ரெண்டும் நாமே நம்ம கிளட்ச்சைத் தேய்க்கறது. ஒருத்தருக்கு 40,000 கிலோமீட்டர்ல போற பிளேட், இன்னொருத்தருக்கு ஒரு லட்சம் தாண்டி ஓடுதுன்னா பெரும்பாலும் வித்தியாசம் அந்தக் கால்லதான்.

பி.கு: அந்தப் பொங்கலுக்கு அதே கிளட்ச்லதான் ஊருக்குப் போய்த் திரும்பினோம். மிச்சமான காசுல யாருக்குப் பட்டுப்புடவைன்னு நான் சொல்லணுமா என்ன?