கரண்டை நிறுத்துங்கள், கணக்கைச் சொல்லுங்கள்!

கரண்டு போனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் முதலில் நிற்பது மெஷின். அடுத்து நிற்பது கூலி.

பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் உருகிய பிளாஸ்டிக் உள்ளேயே இறுகிவிடும். கரண்டு வந்த பிறகு அதை மறுபடி சூடாக்கி, வெளியே தள்ளி, சுத்தம் செய்தால்தான் வேலை ஓடும். ஒரு மணி நேர மின்வெட்டுக்கு நஷ்டம் ஒரு மணி நேரம் மட்டும் அல்ல. ஆவடி மளிகைக் கடையில் பால் பாக்கெட் கெடும். பூந்தமல்லி ஜெராக்ஸ் கடையில் வந்த கிராக்கி திரும்பிப் போகும்.

உடனே சப்-ஸ்டேஷனுக்கு போன் பறக்கும்.

"சார், கரண்டு எப்ப சார் வரும்?"

"மேலே இருந்து ஆர்டர் சார். எங்க கையில ஒண்ணும் இல்ல."

பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த "மேலே" எங்கே இருக்கிறது? எந்தக் கணக்கில் ஆர்டர் வருகிறது? பில் கட்டுகிறவனுக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா?

50-ல் நிற்க வேண்டும்

அரிசி மூட்டையைப் போல மின்சாரத்தை குடோனில் அடுக்கி வைத்துவிட முடியாது. உற்பத்தியாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். வரவும் செலவும் சரியாக இருந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்சில் நிற்கும். செலவு கூடினால் அது இறங்கும். பாரம் ஏற்றிய மீன்பாடி வண்டி பாடி மேம்பாலத்தில் ஏறும்போது திணறுகிறதே, அதே கதைதான்.

ரொம்ப இறங்கினால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் அதன் பாரம் மற்றவற்றின் தலையில் விழும். அப்புறம் வரிசையாக எல்லாம் படுத்துவிடும்.

இது வெறும் பூச்சாண்டி அல்ல. 2012 ஜூலை 30-ந்தேதி அதிகாலையில் வடமாநில மின்தொகுப்பு விழுந்தது. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. சுமார் 62 கோடி பேர் வாழும் பகுதி இருண்டது. ரெயில்கள் நடுவழியில் நின்றன. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டார்கள். சில மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மேல் மின்சாரம் இழுத்ததும் ஒரு காரணம். அதிர்வெண் இறங்கும்போது தானாகவே பாரத்தைக் குறைக்க வேண்டிய ரிலேக்கள் போதிய அளவு கைகொடுக்கவில்லை.

தமிழ்நாடு தப்பியது. அப்போது தென்மாநிலத் தொகுப்பு வடக்கோடு முழுதாக இணையவில்லை. 2013 டிசம்பர் 31-ந்தேதி ரெய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு ஆனது.

ஆக, முழு ஊரும் இருளாமல் இருக்க நாலு தெருவை நிறுத்துவது தப்பல்ல. சில நேரம் அதுதான் சரி. எந்த நாலு தெரு என்பதுதான் கேள்வி.

படிப்படியாக வரும் வெட்டு

சென்னையில் மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டர் இருக்கிறது. அதற்கு மேலே தென்மாநிலங்களுக்கான மையம் பெங்களூரில் இருக்கிறது. பற்றாக்குறை வந்தால் முதலில் கையில் இருக்கும் நிலையங்களை முடுக்குவார்கள். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் உண்டு. மின்சாரம் மிச்சம் இருக்கும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடு நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் இடம் அது. அதுவும் போதாவிட்டால் வெளியே விலைக்கு வாங்குவார்கள். பிறகு பெரிய தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு. கடைசியில்தான் பீடர் பீடராக நிறுத்துவது. அதையும் மீறி அதிர்வெண் விழுந்தால், யார் உத்தரவும் இல்லாமல் ரிலே தானே வெட்டும்.

அந்த இருண்ட வருடங்கள்

இந்தப் படிகள் அத்தனையிலும் உருண்டு விழுந்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2008 நவம்பரில் உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத வெட்டு வந்தது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை மெஷின்களை அநேகமாக நிறுத்தியே வைக்க வேண்டிய நிலை. டீசல் ஜெனரேட்டர் வைத்தவன் வாரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்தான். வைக்க முடியாதவன் ஷிப்டைக் குறைத்தான்.

2012-ல் பற்றாக்குறை சுமார் 4 ஆயிரம் மெகாவாட். பிப்ரவரி 27-ந்தேதி முதல் சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஏப்ரலில் கட்டணமும் ஏறியது. அந்த ஆண்டுக் கடைசியில் மாவட்டங்களில் பல ஊர்களில் 12 மணி நேரத்தையும் தாண்டி கரண்டு இல்லை.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. தேவை வளர்ந்த வேகத்துக்குப் புது நிலையங்கள் வரவில்லை. காற்றாலை மின்சாரம் சீசன் முடிந்தால் படுத்துவிடும். வெளியில் மின்சாரம் இருந்தாலும் கொண்டுவர லைன் இல்லை. டெல்லி வேண்டாம் என்று ஒப்படைத்த 1,721 மெகாவாட்டைக் கேட்டுத் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. வழியில் இடமில்லை என்பதுதான் கிடைத்த பதில்.

ஒன்றை அம்பத்தூர்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 அக்டோபரில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. சென்னைக்கு 2 மணி நேரம் என்று கணக்குப் போட்டபோது, மீதி பாரத்தைச் சுமந்தது கோவை லேத் பட்டறையும் மதுரை இட்லிக் கடையும்தான். தலைநகரம் என்பதற்காக ஒருவனுக்குச் சலுகை, இன்னொருவனுக்கு இருட்டு என்பது என்ன நியாயம்?

அமெரிக்காவில் நடந்த கூத்து

இது இங்கே மட்டும் நடப்பது அல்ல. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனி. கட்டுப்பாட்டு மையம் 20 ஆயிரம் மெகாவாட் வரை நிறுத்தச் சொன்னது. இன்னும் 4 நிமிடம் 37 வினாடி தாமதித்திருந்தால் மாநிலம் முழுவதும் இருண்டிருக்கும். உத்தரவு சரி. ஆனால் அமல்படுத்தியதில் கோட்டை விட்டார்கள். முறை வைத்து மாற்றி மாற்றி நிறுத்துவது நடக்கவில்லை. சில வீடுகளில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. மின் நிலையங்களுக்கு எரிவாயு அனுப்பும் இடங்களுக்கே சில இடத்தில் கரண்டை நிறுத்திவிட்டார்கள்! அந்தப் பனியில் செத்தவர்கள் 246 பேர் என்று மாநில அரசே கணக்குச் சொன்னது.

எதை நிறுத்தக் கூடாது என்ற பட்டியல் முன்கூட்டியே சரியாக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

2014-க்குப் பிறகு நிலைமை மாறியது உண்மை. 2024 மே 2-ந்தேதி மாநிலத்தின் தேவை 20 ஆயிரத்து 830 மெகாவாட்டைத் தொட்டும் சமாளித்தார்கள். பாராட்டலாம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி இரவு மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து நகரின் பல பகுதிகள் இருண்டன. அது பற்றாக்குறை அல்ல, கோளாறு. ஆனாலும் தெருவில் நின்ற ஜனங்கள் கேட்டது அதே கேள்விதான்: "எப்ப வரும்?"

சூரிய மின்சாரம் மாலையில் இறங்கும். அதே நேரத்தில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஏறும். இன்னொரு நெருக்கடி வரவே வராது என்று யாரும் பத்திரம் எழுதித் தர முடியாது.

ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே பட்டியலை வெளியிடுங்கள். எந்த பீடர் முதலில், எது அடுத்தது, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு பிரிவு அலுவலக வாசலிலும் எழுதிப் போடுங்கள். ஆஸ்பத்திரி, குடிநீர் பம்ப் எந்த பீடரில் இருக்கிறது என்று சரிபாருங்கள். 2 மணி நேரம் என்றால் 2 மணி நேரம்தான்; மூன்றாவது மணி ஆனால் காரணம் சொல்லுங்கள். மந்திரி வீட்டுத் தெருவும் அந்த முறையில் வரட்டும்.

10 மணிக்குக் கரண்டு போகும் என்று முதல் நாளே தெரிந்தால் மோல்டிங் மெஷினை 9½ மணிக்கே காலி செய்துவிடலாம். கடைக்காரர் பாலைக் குறைத்து வாங்குவார். ஜனங்கள் இருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். "மேலே இருந்து ஆர்டர்" என்ற பதிலைத்தான் இனியும் பொறுக்க மாட்டார்கள்.

மின்வாரிய அதிகாரிகள் கவனிப்பார்களா?