மாசு என்று எழுது, தீட்டு என்று எழுதாதே

"உங்கள் வீட்டுக் கழிவுகளை எங்கே கொட்டுகிறீர்கள்?"

எங்கம்மாவிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் என் வகுப்புத் தோழர்கள். அட்டையில் செருகிய தாளில் நாலு விடை தயாராக இருந்தது: தொட்டியில், குழியில், வயலில், திறந்த வெளியில். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நாலையும் கேட்டுவிட்டு எங்கம்மா சொன்னது: "எங்க வீட்டுல கொட்டுறதுக்கு என்ன கண்ணு இருக்கு? ஊருக் குப்பையெல்லாம் இங்கதான் கொண்டாந்து கொட்டுறாங்க. அத எழுதிக்க." அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. 'திறந்த வெளியில்' என்று டிக் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நான் எங்கே இருந்தேன்? காலேஜ் பஸ்ஸுக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னேன். அது என் தெருன்னு வகுப்பில் யாருக்கும் தெரியாது. அம்மா என்னைப் பார்த்துச்சு. பார்த்துட்டு, யாரோ எவரோன்னு இருந்துக்கிச்சு. மகன் மானம் போயிடக் கூடாதாம். மணப்பாறைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் காலனி அது. எங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அதற்குப் பெயர் 'உள்ளூர் மாசுபட்ட இடம்'.

இந்தப் பெயரை நான் கற்பனை செய்யவில்லை. எம்.சி.மேத்தா வழக்கில் 1991 நவம்பரில் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பன்னிரண்டு வருசம் எவனும் அசையவில்லை. 2003இல் மறுபடி அதட்டிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக ஒரு பாடத்தை வரைந்து அனுப்பியது. எட்டு அலகு, அய்ம்பது வகுப்பு. எட்டாவது அலகு களப்பணி: ஓர் ஆற்றையோ காட்டையோ மலையையோ போய்ப் பார், ஒரு மாசுபட்ட இடத்தைப் போய்ப் பார், செடி, பூச்சி, பறவையைப் பார், ஒரு குளத்தைப் பார். அதற்கு அய்ந்து வகுப்பு நேரம். எட்டு அலகிலும் காடு உண்டு, ஓசோன் உண்டு, நிலநடுக்கம் உண்டு. 'சமூகப் பிரச்சினைகளும் சுற்றுச்சூழலும்' என்று ஓர் அலகே உண்டு. மக்கள் தொகைப் பெருக்கத்துக்கு, அதாவது நாங்கள் அதிகமாகப் பெற்றுக்கொள்கிறோம் என்பதற்கு, ஓர் அலகு உண்டு. சாதி என்ற இரண்டெழுத்து எங்கும் கிடையாது.

இந்தியாவில் சாதியைத் தொடாமல் கழிவைப் பற்றி எப்படி அய்யா பேசுவீர்கள்? கழிவு தானாகவா நடந்து எங்க தெருவுக்கு வருது? செத்த மாடு தானாகவா எழுந்து எங்க வாசலுக்கு வந்து படுத்துக்கிச்சு? மணப்பாறை மாட்டுக்குச் சினிமாப் பாட்டே இருக்கு. 1957இல் 'மக்களைப் பெற்ற மகராசி'யில் வந்தது. இன்றைக்கும் எல்லா ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியிலும் கேட்கலாம். அந்த மாடு செத்தபின் அதைத் தூக்கிப் போனவனுக்குப் பாட்டும் இல்லை, கூலியும் இல்லை. எங்க தாத்தா தூக்கினவர். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்து விலை பேசுகிறவன் கௌரவமானவன். அதே மாட்டின் தோலை உரிப்பவன் ஊருக்கு வெளியே. ஒரே மாடுதான், நண்பர்களே. இதுதான் நமது 'சூழல் அமைப்பு'. உணவுச் சங்கிலி என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைகிறார்களே, அதில் கடைசியாக இருக்கிற 'சிதைப்பவை' என்ற பெட்டிக்குள் எங்களைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பாக்டீரியாவுக்காவது பாடத்தில் பேர் இருக்கு.

மாசு வேறு, தீட்டு வேறு என்பார்கள். மாசு விஞ்ஞானமாம், தீட்டு மூடநம்பிக்கையாம். ஒன்று ஆய்வுக்கூடத்தில், மற்றது பாட்டி வாயில். நான் சொல்கிறேன், இந்த மண்ணில் தீட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாசு போய்ச் சேருகிறது. தீட்டுதான் வரைபடம். மாசு அந்த வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற சாக்கடை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் தன் சனங்களோடு மகத்தில் சவுதார் குளத்துக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடும் மாடும் குடித்த குளம் அதுவரை சுத்தமாகத்தான் இருந்தது. அவர் குடித்ததும் கெட்டுப்போனது. உடனே குடம் குடமாகச் சாணியும் மூத்திரமும் தயிரும் கரைத்து ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். நீர் மாசு என்ற பாடத்தை இந்தக் குளத்தில் ஆரம்பிக்காத எந்தப் பேராசிரியரும் என்னைப் பொறுத்தவரை பாடத்தை ஆரம்பிக்கவே இல்லை.

மகத் தூரமென்றால் வேங்கைவயல் பக்கம்தான். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம். 2022 டிசம்பர் கடைசியில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் தொட்டியை ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன ஆட்சியர் அங்கேயே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், நுழைய முடியாத கோயிலையும் பார்த்தார். இரண்டு வருசம் கழித்து 2025 சனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. யார் மேல்? வேங்கைவயல் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மேலேயே. அந்தச் சனங்கள் அதை ஏற்கவில்லை, வீதிக்கு வந்தார்கள். நான் என் மாணவர்களிடம் கேட்டேன்: "அந்தத் தொட்டித் தண்ணியப் பரிசோதிச்சா என்ன வரும்?" ஒருவன் கோலிபார்ம் என்றான். சரியான விடை. முழு மதிப்பெண். கோலிபார்முக்குச் சாதிச் சான்றிதழ் இருக்கா என்று கேட்டேன். வகுப்பு கப்சிப்.

ஆமாம், இப்போது நானே வாத்தியார். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். சம்பளத்தில் இல்லாத கௌரவத்தைப் பெயரில் வைத்திருக்கிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் கூடமாட ஒத்தாசை. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது இது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது முழக்கம். இந்த 'உனக்காக'வில் வருகிற நீ யார்? ஏழு நாள் முகாமுக்குப் போகிறோம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்குகிறோம். ஊர்க்கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்கிறோம். ஒருநாள் சாயங்காலம் காலனிக்கு ஊர்வலம்: கை கழுவு, கழிப்பறை கட்டு, குடிக்காதே. காலனிக்காரன் ஊருக்குள் போய் ஒருநாள் ஊர்வலம் நடத்தி "இரட்டைக் குவளை வைக்காதே" என்று சொல்ல எந்த முகாமில் நிகழ்ச்சி நிரல் போட்டீர்கள்? சுகாதாரம் எங்களுக்கு, சேவை உங்களுக்கு. புகைப்படம் பல்கலைக்கழகத்துக்கு.

2017இல் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். தமிழ்நாடே அரிவாளைத் தூக்கியது. எல்லாக் காலேஜும் பிள்ளைகளை லாரியில் ஏற்றியது. நிலத்தடி நீரைக் குடிக்கிற அரக்கன் என்று முழக்கம். அந்த மரம் அன்னிய இனம், தண்ணீருக்கும் மண்ணுக்கும் கேடு என்பதற்கு நியாயம் இருக்கலாம், நான் மறுக்க வரவில்லை. ஆனால் இந்த வறண்ட மேட்டுப் பூமியில் காலனிப் பொம்பளைக்கு யார் கிட்டயும் கேட்காமல் கிடைத்த ஒரே விறகு அதுதான். ஊர்த் தோப்பில் ஒரு சுள்ளி பொறுக்கினால் வசவு. கருவேலங் காட்டில் வசவு கிடையாது, முள்ளு மட்டும்தான். எங்கம்மா உள்ளங்காலில் இன்னும் ரெண்டு முள்ளு இருக்கு. வெட்டினவர்கள் ஒருவராவது "இந்த மரம் போனா நீ எதுல அடுப்பு எரிப்ப?" என்று கேட்டார்களா? கொஞ்ச நாளில் உயர்நீதிமன்றமே இடைக்காலத் தடை போட்டது. அதற்குள் அரிவாள் வேலையை முடித்திருந்தது. அதே ஆயிரம் அடி, எண்ணூறு அடி என்று போர் போட்டு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவன் வயலுக்கு எந்த மாணவர் படையும் போகவில்லை. அரக்கன் மரமாக இருந்தால் வசதி. திருப்பி அடிக்காது.

போர் என்றதும் மணப்பாறைக்காரனுக்கு நடுக்காட்டுப்பட்டி வந்து நெஞ்சை அடைக்கும். 2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்பு. கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை. நாலு நாள் நாடே விழித்திருந்தது. 29ஆம் தேதி விடியுமுன் உடலைத்தான் எடுத்தார்கள். அழாத ஆள் இல்லை, நானும் அழுதேன். அந்த நாலு நாளும் என் மாமா திண்ணையில் டி.வி.யைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் ஒன்று சொன்னார்: "குழிக்குள்ள எறங்க இத்தன மெசினு இருக்குன்னு இன்னிக்குத்தாண்டா எனக்குத் தெரியும்." அவர் செப்டிக் டேங்கில் இறங்கிப் பிழைத்தவர். கூட இறங்கின அவர் தம்பி பிழைக்கவில்லை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொன்று. சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம், 30 லட்சம் என்று 2023இல். விலை ஏறியிருக்கு, குழி மூடலை. இதைக் காமிராவில் காட்டிய 'கக்கூஸ்' படத்தை 2017இல் எடுத்த திவ்யபாரதிக்கு என்ன கிடைத்தது? வழக்கும் மிரட்டலும். சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நடுகிற காலேஜில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினீர்கள்?

இப்படியெல்லாம் பேசினால், 'சரி, மாணவன் என்னதான் செய்யணும்?' என்று கேட்கிறார்கள். ஏற்கனவே செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில், ஹூஸ்டனில். 1979இல் ராபர்ட் புல்லார்ட் என்ற கறுப்பினச் சமூகவியல் ஆசிரியர் தன் மாணவர்களைக் குப்பை தேட அனுப்பினார். குடியிருப்புக்குப் பக்கத்தில் குப்பைமேடு வரக்கூடாது என்று அவர் மனைவி, அவர் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். அதற்குச் சான்று தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் வரைபடம் எல்லாம் கிடையாது. பழைய ஆவணங்களைப் புரட்டி, தெருத் தெருவாக நடந்து குறித்தார்கள். நகராட்சியின் குப்பைமேடு அய்ந்து. அய்ந்தும் கறுப்பர் பகுதியில். எரியுலை எட்டில் ஆறு கறுப்பர் பகுதியில். ஊர் சனத்தொகையில் கறுப்பர் கால் பங்குதான். வழக்குத் தோற்றுப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வகுப்பு நடந்த நடையில்தான் 'சுற்றுச்சூழல் நீதி' என்ற பேச்சுக்குக் கால் முளைத்தது. 1982இல் வாரன் கவுண்டியில் நச்சுமண் லாரிக்கு முன்னால் சனங்கள் படுத்தார்கள்.

திருச்சி அரியமங்கலம் குப்பைமேடு நாற்பத்தேழு ஏக்கர் சொச்சம். எத்தனை கல்லூரி இருக்கிறது திருச்சியில்! அதைச் சுற்றி எந்தச் சனம் குடியிருக்கு, அதில் பொறுக்கிப் பிழைத்தது யார், புகையைக் குடித்தது யார் என்று சாதியையும் சேர்த்து ஒரு வரைபடம் போட்ட வகுப்பை எனக்குக் காட்டுங்கள். காலில் விழுகிறேன்.

நான் போட வைத்தேன், சின்ன அளவில். போன பருவத்தில் பழைய கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்று மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பினேன். வீட்டுக்குள் போய்க் கேள்வி கேட்காதீர்கள், நடங்கள், எட்டு வைத்து அளந்து குறியுங்கள் என்றேன். தொட்டி எங்கே, குழாய் எங்கே முடிகிறது, எந்தத் தெருவுக்கு எந்நேரம் தண்ணி விடுகிறார்கள், சாக்கடை எந்தப் பக்கம் சரிகிறது, குப்பை வண்டி எங்கே காலியாகிறது, சுடுகாடு எத்தனை, எதற்குப் பாதை இருக்கு, எதற்கு இல்லை. அதில் ஒரு பொண்ணு அந்த ஊர்க்காரப் பொண்ணு. ஊர் என்றால் ஊர்தான், காலனி இல்லை. "சார், எங்க தெருவுல போயி இதெல்லாம் கேக்க முடியாது சார்" என்றது. "அங்கதாம்மா கேக்கணும். காலனியில என்னத்துக்குக் கேக்கப் போற? அவங்களுக்குத்தான் தெரியுமே" என்றேன். அழுதுச்சு. ரெண்டு நாள் வகுப்புக்கு வரலை. மூணாவது நாள் வந்து தாளை நீட்டுச்சு. தன் அப்பாவிடமே கேட்டிருக்கு, தண்ணி ஏன் காலனிக்கு மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று. அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே கொச்சையோடு எழுதியிருந்தது. இங்கே அச்சில் போட முடியாது.

அறிக்கை மேலே போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'சாதி' வருகிற இடமெல்லாம் அடித்து, 'நலிந்த பிரிவினர்' என்று மாற்றச் சொல்லிக் குறிப்பு. 'தீட்டு' என்ற சொல் இருந்த வரி முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் 'பாடத்துக்கு வெளியே' என்று. மாற்றாவிட்டால் மதிப்பெண் இல்லை. என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருசப் பணி நீட்டிப்பைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள். நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண் என்னுடையது இல்லையே, பிள்ளைகளுடையது. அதனால் மூன்று பேரையும் உட்கார வைத்து விசயத்தைச் சொன்னேன். காலனிப் பையன்கள் ரெண்டு பேரும் மாற்றிவிடலாம் சார் என்றார்கள். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தவன் நான். அந்தப் பொண்ணுதான் கேட்டது: "நலிந்த பிரிவினர்னு எழுதுனா நலிய வச்சது யாருன்னு எங்க சார் எழுதறது?"

அறிக்கை இன்னும் கொடுக்கப்படவில்லை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், கிராமசபை கூட வேண்டிய நாள். வரைபடத்தைப் பெரிதாக்கி ரெண்டு நகல் எடுத்திருக்கிறோம். ஒன்று என்னிடம், ஒன்று அந்தப் பொண்ணிடம். கிராமசபையை எந்தத் தெருவில் கூட்டப்போகிறார்கள் என்று இன்னும் தண்டோரா போடவில்லை.