சண்டை போடவும் ஒரு தீவு

போன மாதம் காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: "உங்கள் திருமண நாளை எப்படிக் கொண்டாடினீர்கள்?" பதில்கள் வழக்கம்போல்தான். பட்டுப்புடவை, கேக், பத்துமலை, வாழையிலைச் சாப்பாடு. நடுவில் ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்தது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு தொடங்கினார். "சிஸ், எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருசம். ரெண்டு பேரும் மட்டும் மாலத்தீவு போகணும்னு காசு சேர்த்து வச்சிருக்கோம். காசு பிரச்சினை இல்ல. வீட்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நான் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டேன். உண்மையான பதிலுக்கு ஒரு பாட்டின் இடைவெளி போதாது. அதனால்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன், சகோதரி.

ஏனென்றால் நானும் அதே இடத்தில் நின்றவள். எங்கள் எட்டாவது திருமண நாளுக்கு முன்பு வரை நானும் கணவரும் போன பயணம் எல்லாமே குடும்பப் பயணம்தான். பினாங்கு, லங்காவி, ஒருமுறை திருச்சி. பெட்டியில் பாதி மகளின் துணி, மீதிப் பாதி அத்தையின் மருந்து. குறை சொல்லவில்லை, எல்லாம் நல்ல பயணங்களே. ஆனால் ஒன்றில்கூட நாங்கள் இருவரும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதாக நினைவில்லை.

அத்தையிடம் சொன்னது ஓர் இரவுச் சாப்பாட்டில். அவர் பதிலே சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு நான் வானொலி நிலையத்துக்குக் கிளம்பும்போது அடுப்படியில் விளக்கு எரிந்தது.

"எத்தனை நாளும்மா?"

"அஞ்சு நாள் அத்தை."

"போயிட்டு வாங்க. நானும் உங்க மாமாவும் ஒரே ஒரு தடவ கேமரன் மலைக்குப் போனோம். வேன்ல பதினாறு பேரு. அவரு முன் சீட்டு, நான் கடைசி சீட்டு." கொஞ்சம் நிறுத்தி, "இறங்குற வரைக்கும் அவரு முதுகு மட்டும்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

மாமா இறந்து ஆறு வருடமாகிறது. அன்று காலை நிகழ்ச்சியில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

அனுமதி கிடைத்தது. அடுத்து திட்டம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். படங்களைப் பார்த்து அறையைப் பதிவு செய்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கிறார்கள். மாலத்தீவில் அந்த 'மற்றது'தான் பணத்தைத் தின்னும்.

முதலில் நாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 1,200 பவளத் தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை சுமார் 200. ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒன்று. அதாவது, நீங்கள் அறையைத் தேர்ந்தெடுக்கவில்லை; ஐந்து நாளுக்கு ஓர் ஊரையே தேர்ந்தெடுக்கிறீர்கள். அங்கே எதிர்க்கடை, மாமாக் கடை, செவன் இலெவன் எதுவும் கிடையாது.

அடுத்து, போய்ச் சேரும் வழி. கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல். மாலே நேரம் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால். அங்கிருந்து தூரத் தீவுகளுக்குக் கடல் விமானம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணிக்குள் மாலேயில் இறங்கினால்தான் அன்றே தீவுக்குப் போகலாம் என்று நம்பலாம். மலிவான டிக்கெட் என்று இரவில் இறங்கும் விமானத்தைப் பிடித்தால், தீவில் கட்டிய முதல் இரவுப் பணம் வீண். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் இன்னோர் அறையும் எடுக்க வேண்டும். கடல் விமானத்துக்கு ஒருவருக்குப் போக வர 400 முதல் 600 அமெரிக்க டாலர் கேட்கும் தீவுகள் பல. மாலேக்கு அருகில் உள்ள தீவென்றால் வேகப்படகு போதும். அது இரவிலும் ஓடும், கட்டணமும் குறைவு. நாங்கள் வேகப்படகுத் தீவையே எடுத்தோம். மேலிருந்து பவளத் திட்டுகளைப் பார்க்கும் காட்சி போனது. மிச்சமான பணத்தில் ஓர் இரவு கூடியது.

இப்போது கணக்கு. ஓர் இரவுக்கு 500 டாலர் என்று அறை விலை போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அந்தக் குறிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு சேர்ந்தால் 550. அதன்மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி. 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. ஆக 643.50. இதோடு பசுமை வரி. ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், இருவருக்கு 24. நீங்கள் 500 என்று நினைத்த இரவு 667.50 டாலரில் வந்து நிற்கிறது. நான்கு இரவுக்கு 2,000 என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள்; உண்மை 2,670. படகும் சாப்பாடும் இன்னும் சேரவில்லை.

இந்த வித்தியாசத்தைக் கடன் அட்டையில் தேய்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் கடன் அட்டை வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் ஐந்து நாள் பயணம் ஐந்து வருடம் வீட்டில் உட்கார்ந்திருக்கும். பணம் போதவில்லை என்றால் நாளைக் குறையுங்கள். அல்லது மக்கள் வாழும் தீவொன்றில் சிறு விருந்தினர் விடுதியில் இரண்டு இரவு, ரிசார்ட்டில் இரண்டு இரவு என்று பிரியுங்கள். சிறு விடுதிகளில் பசுமை வரியும் பாதிதான். அது முஸ்லிம் நாடு. அந்தத் தீவுகளில் மது கிடையாது, கடற்கரையிலும் உடையில் கவனம் வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு அது சிரமமே இல்லை.

சாப்பாட்டை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வெளியில் கடை இல்லாத தீவில் காலை உணவு மட்டும் சேர்ந்த அறை மலிவு போலத் தோன்றும். மூன்றாம் நாள் ரசீதைப் பார்த்தால் பசி போய்விடும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். காலையில் 'மாஸ் ஹுனி' கிடைத்தால் விடாதீர்கள். சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை. தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. திவேஹி மொழியில் 'மாஸ்' என்றால் மீன். நம் பாட்டிமார் மாசிக் கருவாடு என்றார்களே, அது மாலத்தீவிலிருந்து வந்த சூரைதான்.

காலம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம், விலையும் உச்சம். பள்ளி விடுமுறை என்று டிசம்பர் கடைசியைப் பிடித்தால், கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் வாங்கும் தீவுகள் உண்டு. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவமழை; விலை இறங்கும். பா அட்டோலின் ஹனிஃபாரு குடாவுக்கு மந்தா திருக்கைகள் கூட்டமாக வருவதும் ஜூன் முதல் நவம்பர் வரைதான். புறப்படுவதற்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' படிவத்தை இணையத்தில் நிரப்புங்கள். கட்டணம் இல்லை.

நாங்கள் போனது மழைக்காலத்தில். மூன்றாம் நாள் பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. கணவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அலுவலக வாட்சாப்புக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். "இங்கயுமா?" என்றேன். அதில் ஆரம்பித்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு அவருக்கு ஜோகூரில் பதவி உயர்வு வந்தது. என்னிடம் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது அவருடைய நண்பரின் மனைவி வழியாகத்தான் தெரியும். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அத்தை காதில் விழும், பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று வீட்டில் சண்டையைக்கூட நாங்கள் மெல்லிய குரலில்தான் போடுவோம். மெல்லிய குரலில் போடும் சண்டை முடிவதில்லை, ஒத்திவைக்கப்படும்.

அன்று குரல் உயர்ந்தது. "சொன்னா நீ வேலைய விட்டுட்டு வந்திருப்ப. அந்தப் பழி எனக்கு வேணாம்" என்றார். "அத முடிவு பண்ண வேண்டியது நான்தானே?" என்றேன். கோபித்துக்கொண்டு வெளியே நடந்தேன். ஆனால் அந்தத் தீவைச் சுற்றிவரப் பதினைந்து நிமிடம்தான். பதினாறாவது நிமிடத்தில் அதே ஆள், அதே தாழ்வாரத்தில், கையில் துண்டோடு நின்றார். கைப்பேசியைக் காணோம். இருட்டும் வரை பேசினோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேச்சை அதன் கடைசி வரை பேசி முடித்தோம். எட்டு வருடத்தில் அது அபூர்வம்.

ஆகவே சகோதரி, ஆடம்பரம் என்றால் என்ன என்று இப்போது என்னைக் கேட்டால், தண்ணீருக்கு மேல் கட்டிய வில்லாவைச் சொல்ல மாட்டேன். யாரும் கூப்பிடாத ஒரு முழுப் பிற்பகல். பணத்தை எங்கே குறைத்தாலும் அந்த நேரத்தில் குறைக்காதீர்கள். நாளைக்கு மூன்று சுற்றுலா, இரண்டு படப்பிடிப்பு என்று அடுக்காதீர்கள். வீட்டுக்கு ஒரே ஓர் அழைப்பு போதும். அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு எட்டு. பிள்ளை தூங்கும் முன் பேசிவிடலாம்.

திரும்பி வந்த இரவு மகள் சங்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தை என் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "சண்டை கிண்டை போட்டீங்களா?"

"ஒரு நாள் போட்டோம் அத்தை."

"அப்ப நல்லாத்தான் போயிட்டு வந்திருக்கீங்க."

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்களே, சகோதரி. சும்மா சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டிலும் ஒருவர் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருப்பார்.